ஆறில் ஐந்தாவது அடி

போர் முடிந்து மூன்று மாதம் கழிந்திருந்த ஓர் ஆவணிக் காலையில் மட்டக்களப்பு ரயில் நிலையத்தில் இறங்கினேன். தோள்பையில் மூன்று சேர்ட், இசைத்தட்டுப் போட்டுக் கேட்கும் கையடக்கமான ஒரு பெட்டி, வயிற்றுக்கோளாறுக்கு மாத்திரை. மனதில் ஒரே ஒரு கேள்வி. குருக்கள்மடத்தில் டிறம்ஸ் வாசித்த புவி என்பவர் உயிரோடு இருக்கிறாரா?

நியாயமாகப் பார்த்தால் இதை நான் ஐந்து வருடத்துக்கு முன்பே கேட்டிருக்க வேண்டும். கடல் ஊருக்குள் வந்த அன்று லண்டனில் தொலைக்காட்சிக்கு முன்னால் நாள் முழுக்க உட்கார்ந்திருந்தேன். செய்தி வாசித்த பெண் மட்டக்களப்பு என்ற பெயரை ஒவ்வொரு தடவையும் ஒவ்வொரு விதமாக உச்சரித்தாள். தொலைபேசியை எடுத்தேன், வைத்தேன். விசாரித்தால் பதில் வந்துவிடுமே என்று பயம். அதற்குள் சண்டை மறுபடி மூண்டது. கோழைக்கு அதைவிட நல்ல சாட்டுக் கிடைக்காது. சண்டையும் முடிந்த பிறகு என்னிடம் சாட்டு எதுவும் மிச்சமில்லை.

புவியை நான் கண்டதில்லை. கேட்டிருக்கிறேன், அதுவும் எட்டு வினாடி மட்டும். தொண்ணூறுகளின் நடுவில் என் அத்தான் மட்டக்களப்பில் ஒரு வங்கியில் வேலை பார்த்தார். சக ஊழியர் ஒருவரின் கல்யாணத்தில் ஒரு கசெட் பதிவு செய்து லண்டன் வந்த யாரிடமோ கொடுத்துவிட்டார். 'பறங்கியர் கல்யாணம். டிறம்ஸ்: புவி, குருக்கள்மடம்' என்று பச்சை மையில் எழுதியிருந்தது. பறங்கியர் என்றால் போர்த்துக்கேயர், ஒல்லாந்தர் வழிவந்தவர்கள். மட்டக்களப்பில் அனேகமாகத் தச்சர்கள், கொல்லர்கள், மெக்கானிக்குகள். வீட்டுக்குள் பழைய போர்த்துக்கேயம், தெருவில் நல்ல மட்டக்களப்புத் தமிழ். அவர்கள் கல்யாணங்களில் கபிரிஞ்ஞா என்று ஓர் ஆட்டம் உண்டு. பைலா என்ற துள்ளல் பாட்டுக்கு மூத்த அக்கா என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அப்போது மேற்கு லண்டனில் டெஸ்மண்ட் என்பவனோடு ஒரே வீட்டில் குடியிருந்தேன். அவனுடைய தகப்பன் கரீபியன் தீவொன்றிலிருந்து வந்து பஸ் ஓட்டியவர். சனிக்கிழமைகளில் வீட்டுத் தளபாடங்களை முற்றத்தில் தூக்கிப் போட்டுவிட்டு, அலுமாரி உயரத்துக்கு ஸ்பீக்கர் வைத்து, தெருவில் உள்ளவர்களை எல்லாம் ஆடவிட்டவர். அந்தச் சத்தத்தில் வளர்ந்த டெஸ்மண்டும் அவன் கூட்டாளிகளும் ஒரு புது இசையைச் செய்துகொண்டிருந்தார்கள். பிறகு அதற்கு 'புரோக்கன் பீட்', அதாவது உடைந்த தாளம் என்று பெயர் வந்தது.

அது என்ன என்று கேட்பவர்களுக்கு நான் இப்படித்தான் சொல்வேன். அந்தக் காலத்து நடன மண்டபங்களில் ஒரே அடிதான். தும், தும், தும், தும், நாலும் சமம், உரலில் மா இடிப்பது போல. இவர்களுக்கு அது அலுத்துவிட்டது. தகப்பன்மாரின் ஜாஸ், ஃபங்க் இசைத்தட்டுகள், நைஜீரியாவின் முடிவே இல்லாத மேளங்கள், பிரேசில்காரரின் சம்பா, டிறம்ஸைத் துண்டுதுண்டாக வெட்டி இரட்டை வேகத்தில் ஓட்டும் லண்டன் 'ஜங்கிள்', டெட்ராய்ட் நகரத்து இயந்திர இசை, எல்லாவற்றையும் சாம்பிளர் என்ற பெட்டிக்குள் போட்டுக் கிண்டினார்கள். அடி விழப்போகிறது என்று நீங்கள் காலைத் தூக்கும் இடத்தில் அடியை எடுத்துவிடுவார்கள். கால் அந்தரத்தில் நிற்கும். அடுத்த அடி நினையாத மூலையிலிருந்து வரும். முதலில் எரிச்சல் வரும். ஒரு வாரத்தில் அது இல்லாமல் இருக்க முடியாது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் புட்டு அவித்துக்கொண்டே அத்தானின் கசெட்டைப் போட்டேன். டெஸ்மண்ட் முகத்தில் சவர நுரையோடு ஓடிவந்தான். "நிறுத்து. பின்னுக்குப் போ. யார் இந்த மனிதன்?" என்றான். ஆறு எண்ணிக்கையில் ஓடும் தாளம். ஐந்தாவது அடி மட்டும் கிடையாது. ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு, வெற்றிடம், ஆறு. அந்த வெற்றிடத்துக்குள்ளால் தன் தகப்பனின் பஸ்ஸையே ஓட்டலாம் என்றான் டெஸ்மண்ட். அந்த எட்டு வினாடியை எடுத்து ஓர் இசைத்தட்டுச் செய்தோம். உலகம் புரளவில்லை. ஆனால் அந்தச் சின்ன வட்டத்தில் அதைத் தெரியாதவர் இல்லை. தட்டின் நடுவில் அவன் பெயரையும் என் பெயரையும் பெரிதாகப் போட்டோம். புவியின் பெயரைப் போடவில்லை. அவரிடம் கேட்கவும் இல்லை.

இப்போது அதை மறுபடி வெளியிடப்போகிறார்கள். இந்தத் தாளத்தின் வேர்களைப் பற்றி உறைக்குள் வைக்க ஒரு கட்டுரை எழுதும்படி என்னிடம் சொன்னார்கள். நாலு பக்கம் எழுதியும் விட்டேன். டெஸ்மண்ட் வாசித்துவிட்டு, "எல்லாம் சரி, இந்த மனிதனின் பெயரை இம்முறை போடாமல் வெளியிட விடமாட்டேன். ஆள் இருக்கிறாரா இல்லையா என்று போய்ப் பார்த்துவிட்டு வா" என்றான். பெயருக்கு முன்னால் 'அமரர்' என்று போடுவதா இல்லையா, இதுதான் என் பயணத்தின் நோக்கம்.

முதல் நாள் எனக்கு வாய்த்த ஓட்டோக்காரர் நான் இரண்டு வசனம் பேசுவதற்குள் கண்டுபிடித்துவிட்டார்.

"சேர் யாழ்ப்பாணமா?"

"எப்பிடித் தெரியும்?"

"வாங்கோ, போங்கோ எண்டு கதைக்கிறீங்களே. நாங்க வாங்க, போங்கதான். கோவெல்லாம் மிச்சம் புடிச்சிக்குவம்."

மட்டக்களப்புக்குப் போனால் மந்திரம் செய்து பாயோடு ஒட்டிவிடுவார்கள் என்று எங்கள் ஊரில் ஒரு பழைய கதை. புறப்படும்போது அம்மா தொலைபேசியில் நாற்பத்தாறு வயதுக்காரனான எனக்கு அதையே சொல்லி எச்சரித்தார். ஓட்டோக்காரரிடம் சொன்னேன். "பயப்படாதீங்க. இப்ப பாயில்ல, எல்லா ஊட்டிலயும் பிளாஸ்டிக் கதிரைதான்" என்றார்.

கல்லடிப் பாலத்தடியில் சோதனை. ஓர் இளம் சிப்பாய் என் பையைக் கிளறி இசைத்தட்டுப் பெட்டியை எடுத்தான். இயர்போனைத் தன் காதில் மாட்டி, முகத்தைச் சுளித்துக்கொண்டு கேட்டான். சிங்களத்தில் ஏதோ சொல்லித் திருப்பித் தந்தான். என்ன சொன்னான் என்று ஓட்டோக்காரரிடம் கேட்டேன். "தட்டு கீறுப்பட்டிரிக்காம். பாட்டுத் துள்ளுதாம். வாங்கின கடையில குடுத்து மாத்தச் சொல்றான்" என்றார். பத்து வருடத்தில் டெஸ்மண்டின் இசைக்குக் கிடைத்த மிக நேர்மையான விமர்சனம் அதுதான்.

குருக்கள்மடம் ஒரு பக்கம் கடலும் மறுபக்கம் வாவியுமாக, நடுவில் கல்முனை வீதி ஓடும் ஊர். வீதியோரத் தேத்தண்ணிக் கடையில் இறங்கினேன். கடைக்கார அக்கா, "வாங்க, இரிங்க" என்று வாங்குப் பலகையைத் துடைத்துவிட்டார். கேள்வியைக் கேட்க எனக்கு ஒரு பிளேன்ரீ முழுவதும் தேவைப்பட்டது.

"அக்கா, இஞ்சை புவி எண்டு ஒராள் இருந்தவரோ?"

"எந்தப் புவி? இஞ்ச மூணு புவி இரிந்தாங்க."

இருந்தாங்க. காலிக் கிளாஸை மறுபடி வாயில் வைத்தேன். அக்கா விரல் மடித்தார். "ஒராள் சுவிசில. மத்தவர் பாவம், கடல் அடிச்ச அண்டைக்கு வலை எடுக்கப் போனவர், வரவே இல்ல."

"அவர் டிறம்ஸ் வாசிக்கிறவரோ?"

"டிறம்ஸா? அவருக்கு விசில் அடிக்கவும் வராதே. டிறம்ஸ் அடிக்கிற புவி அங்கால வெல்லாவெளியில இரிக்கார். போன கிழமை கோயிலுக்கு வந்து, இந்த வாங்கிலதான் இரிந்து ரெண்டு வடை திண்டுட்டுப் போனார்."

ஐந்து வருடமாக நெஞ்சில் கிடந்த கல் ஒரு வடைக் கணக்கில் இறங்கியது. நான் இன்னொரு தேத்தண்ணி சொன்னேன், நாலு வடை சொன்னேன், ஓட்டோக்காரருக்கும் சொன்னேன். சும்மா சிரித்துக்கொண்டிருந்தேன். இரண்டாவது தேத்தண்ணி முடியும்போதுதான் உறைத்தது. வலையோடு போன ஒரு மனிதரின் சாவைக் கேட்டு, அது வேறு ஆள் என்று நான் சந்தோஷப்பட்டிருக்கிறேன். வெட்கமாக இருந்தது. அதையும் அக்காவிடமே சொல்லிவிட்டேன்.

அவர் கிளாஸைக் கழுவிக்கொண்டே சொன்னார். "நாங்களும் அப்பிடித்தான் தம்பி. அண்டைக்குக் கரை முழுக்க ஒவ்வொராளாத் துணிய விலக்கிப் பாத்தம். எங்கட ஆள் இல்ல எண்டா சந்தோசப்பட்டம். மறுகா வெக்கப்பட்டம். மறுகா அடுத்த ஆளப் பாத்தம்."

அன்று இரண்டு வடை மிஞ்சிப்போயிற்று.

இரண்டாம் நாள் வாவியைக் கடந்தேன். குருக்கள்மடத்திலிருந்து அக்கரைக்கு ஒரு மிதவை போகிறது. அகலமான இரும்புத் தட்டு, பக்கத்தில் ஓர் இயந்திரம். ஊரார் அதைப் பாதை என்கிறார்கள். ஆறு மோட்டார் சைக்கிள், ஒரு கன்றுக்குட்டி, தயிர்ச் சட்டிகளோடு ஒருவர், குடையோடு ஓர் ஆசிரியை, நான். நடு வாவியில் இயந்திரம் இருமிவிட்டு நின்றது.

தேம்ஸ் நதிப் படகு பத்து நிமிடம் தாமதித்தால் ஒலிபெருக்கியில் மூன்று முறை மன்னிப்புக் கேட்பார்கள், பயணிகள் கடிதம் எழுதுவார்கள். இங்கே ஆசிரியை குடையை விரித்தார். தயிர்க்காரர் ஒரு சட்டியைத் திறந்தார். சாப்பாட்டுப் பெட்டி மூடியில் எருமைத் தயிரும் சீனியும் எனக்கும் வந்தன. கத்தியால் வெட்டலாம் போன்ற தயிர். லண்டன் கடைகளில் டப்பாவில் விற்கும் வெள்ளைத் தண்ணீரை நினைத்து எனக்கு ஆத்திரமே வந்தது. பக்கத்தில் இரண்டு பேர் பேசிக்கொண்டார்கள்.

"போன வருசம் இதில ஏற எத்தின இடத்தில ஆமிட்ட பேர் பதிஞ்சம்?"

"அதச் சொல்லாத. இப்ப எஞ்சின் மட்டும்தானே மறிக்குது, மறிக்கட்டும்."

கடைசியில் நீண்ட கம்புகளை எடுத்து ஊன்றத் தொடங்கினார்கள். நானும் ஒன்றை வாங்கினேன். தயிர் கொடுத்த பலத்தில் என் பக்கத்தை மட்டும் நான் கடுமையாக ஊன்றியதில் பாதை மெல்லத் திரும்பி மறுபடி குருக்கள்மடத்தைப் பார்த்தது. கன்றுக்குட்டி கத்தியது. ஆசிரியை என் கையிலிருந்த கம்பை வாங்கி, குடையை என்னிடம் தந்தார். பிறகு நேராகப் போனோம்.

வெல்லாவெளியில் சிறுபோக அறுவடை நடந்துகொண்டிருந்தது. வட்டைக்குள், அதாவது வயல்வெளிக்குள், நிற்கிறார் என்று காட்டிவிட்டார்கள். வரம்பில் நடந்துபோனேன். உரக் கம்பனித் தொப்பி, மடித்துக் கட்டிய சாரம், நரைத்த மீசை, ஐம்பத்தைந்து வயதிருக்கும் ஒல்லியான ஒரு மனிதர் உழவு இயந்திரத்தின் பெட்டியில் சாய்ந்துகொண்டு நின்றார். ஆட்கள் மூட்டை ஏற்றிக்கொண்டிருந்தார்கள். அவருடைய விரல்கள் இரும்புப் பெட்டியைத் தட்டிக்கொண்டிருந்தன. எண்ணிப் பார்த்தேன். ஆறு. கேட்கவேண்டிய தேவையே இருக்கவில்லை.

"லண்டன்ல இரிந்து என்னத் தேடியா? ஆள் மாறி வந்திட்டீங்களோ?" என்றார். பிறகு, "முதல்ல சோறு. கதை மறுகா" என்று வீட்டுக்குக் கூட்டிப்போனார். அவருடைய மனைவி மலர் அக்கா சிவப்பரிசிச் சோறும் இறால் குழம்பும் முருங்கையிலைச் சுண்டலும் வைத்தார். என் சோற்றுக் கோப்பையில் இடம் தெரிவதை அவர் ஒரு குற்றமாகவே எடுத்துக்கொண்டார். நானோ சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தேன். உயிரோடு இருக்கிறார் என்பது நேற்றைய நிம்மதி. உயிரோடு இருப்பவர் முகத்துக்கு நேரே கேட்பாரே என்பது இன்றைய பயம்.

கை கழுவியதும் இயர்போனை அவர் காதில் மாட்டிவிட்டேன். கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். முழங்காலில் விரல்கள் ஓடின.

"இது நான்தான்" என்றார். இன்னும் கேட்டுவிட்டு, "ஒரு துண்டையே திருப்பித் திருப்பிப் போடுறீங்க. வின்சன்ட வயலின் எங்க?"

"அதை வெட்டிப்போட்டம் அண்ணை."

"பாடின மனிசி?"

"அவவையும்தான்." இனித் தாமதித்தால் பிறகு ஒருபோதும் சொல்லமாட்டேன் என்று தோன்றியது. "உங்களைக் கேக்காமல் எடுத்தது பிழை. உங்கட பேரைப் போடாமல் விட்டது அதைவிடப் பெரிய பிழை. அதைச் சொல்லத்தான் வந்தனான்."

புவி அண்ணன் மலர் அக்காவைப் பார்த்தார். மலர் அக்கா என்னைப் பார்த்தார். இரண்டு பேரும் சேர்ந்து சிரித்தார்கள். "இந்தக் கையளவு துண்டுக்கா மனிசன் சோறும் திங்காம இரிந்தீங்க? பேரப் போடுங்க. புவனேந்திரன் எண்டு முழுசாப் போடுங்க. கலியாணக் கடுதாசிக்குப் பொறகு என்ட முழுப்பேர ஒத்தரும் அச்சில போடல்ல."

அப்பாடா என்றிருந்தது. அந்த உற்சாகத்தில் செய்யக்கூடாத ஒன்றைச் செய்தேன். என் கட்டுரையை எடுத்து நாலு பக்கத்தையும் வாசித்துக் காட்டினேன். மொசாம்பிக் கரையில் அடிமைகளாகப் பிடிபட்டவர்கள் போர்த்துக்கேயக் கப்பல்களில் மேற்கே பிரேசிலுக்கும் கிழக்கே இலங்கைக்கும் போனது, ஒரே தாளம் இரண்டு திசையில் பயணித்து நானூறு வருடங்களுக்குப் பிறகு மேற்கு லண்டனில் மறுபடி சந்தித்தது, அந்த உடைந்த தாளத்தின் மறைந்த வேர் மட்டக்களப்பு வாவிக்கரையில் இருப்பது. இரண்டாம் பக்கத்தில் மலர் அக்கா கோழிகளைப் பார்க்க எழுந்து போனார். புவி அண்ணன் மட்டும் கடைசிவரை மரியாதையாகக் கேட்டார்.

"கப்பல்ல வந்திரிக்கும். பறங்கியே கப்பல்லதானே வந்தான். அது எனக்குத் தெரியா. ஆனா உடைஞ்ச தாளம் எண்டு எழுதியிரிக்கீங்க, அது பிழை. ஒண்டும் உடையல்ல."

"அஞ்சாவது அடி இல்லையே அண்ணை."

"இரிக்கு. அது என்ட அடி இல்ல. ஆடுற ஆக்கள்ர அடி."

அவர் சொன்னது இதுதான். பறங்கியர் கல்யாணம் என்றால் தச்சர்கள் எல்லாரும் பட்டறையிலிருந்து பலகைகளைக் கொண்டுவந்து முற்றத்தில் பரப்புவார்கள். ஆணி அடிப்பதில்லை. மறுநாள் பலகை வேலைக்கு வேண்டும், அதோடு அடியில் இடைவெளி இருந்தால்தான் துள்ளும். அதன் மேல் சப்பாத்தோடு ஆடுவார்கள். ஆறில் ஐந்துக்கு எல்லோருடைய குதிகாலும் ஒன்றாக விழும். வயலின் வாசித்த வின்சன் என்ற தச்சர் புவி அண்ணனை முதல் தடவை கூட்டிப்போனபோது சொல்லிக்கொடுத்த ஒரே பாடம், அந்த அடியைத் தொடாதே, அது சப்பாத்துக்கு, என்பதுதான்.

"உங்கட அத்தான் ரேக்கோடர எங்க வெச்சவர்?"

"டிறம்ஸுக்குப் பக்கத்திலை, ஒரு கதிரையிலை எண்டு சொன்னவர்."

"அப்ப கால் எங்க கேக்கிற? மெல்லிசா ஒரு தட்டுச் சத்தம் கேட்டிரிக்குமே?"

கேட்டது. எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. ஐந்தாவது இடத்தில் ஏதோ தட்டுப்பட்டது. கசெட்டின் இரைச்சல் என்று முடிவுசெய்து, டெஸ்மண்ட் ஒரு நாள் முழுக்கக் குந்தியிருந்து அதைத் துடைத்தெடுத்தான். நான் பக்கத்தில் இருந்து தேநீர் ஊற்றிக் கொடுத்தேன். அந்தச் சுத்தமான வெற்றிடத்தைத்தான் பத்து வருடமாக ஆட்கள் மெச்சிக்கொண்டிருந்தார்கள். ஒரு கல்யாணத்தின் ஆட்கள் எல்லோரையும் நாங்கள் அழுக்கு என்று துடைத்திருக்கிறோம். நாலு பக்கத்தையும் மடித்துப் பைக்குள் வைத்தேன்.

புவி அண்ணன் சிரிக்கவில்லை. "வின்சன், அவர்ர ரெண்டு தம்பிமார், அந்தக் கசெட்டில ஆடின முக்காவாசிப் பேர், எல்லாரும் டச்பார்க் கரையில, அவங்கட ஊரில, கடலோட போயிட்டாங்க. பலகையும் போயிட்டு. ஒரு வருசத்துக்குப் பொறகு அங்க ஒரு கலியாணம். என்னக் கூப்பிட்டாங்க. சீமெந்து நிலம். ஆட ஆக்கள் இல்ல, ரெண்டு கிழவிமார் கதிரையில இரிக்காங்க. நான் தொடங்கினன். ஒண்டு, ரெண்டு, மூணு, நாலு. அஞ்சுக்கு ஒண்டுமே விழல்ல தம்பி." அவர் வெளியே வட்டையைப் பார்த்தார். "என்னால கேக்க ஏலாமப் போச்சி. அந்த அடிய நானே கால் பெடலால அடிச்சன். அண்டையில இரிந்து நான்தான் அடிக்கன்."

கடலுக்குப் பயந்து குருக்கள்மடத்தை விட்டு வெல்லாவெளிக்கு வந்தார். வெல்லாவெளியில் ஷெல் விழ, அதற்குப் பயந்து கடல் பக்கம் ஓடி முகாமில் இருந்தார். மறுபடி இங்கே வந்தார். எங்கு போனாலும் அவரைத் தேடிவந்து பறங்கியர் கல்யாணத்துக்குக் கூப்பிட்டார்கள். எல்லாக் கல்யாணத்திலும் ஐந்தாவது அடியைத் தானே அடித்தார்.

"சனிக்கிழமை ஒரு கலியாணம் இரிக்கு. வின்சன்ட மருமகள்ர. பலகை போடுறாங்களாம். வாங்க, வந்து கேட்டுட்டுக் கட்டுரை எழுதுங்க."

"அண்டைக்கு அந்த அடியை விடுவியளோ?"

"விடமாட்டன்" என்றார் உடனே. "விட்டுட்டு, விழுமா விழாதா எண்டு பாத்துக்கொண்டிரிக்க என்னால ஏலாது. ஒருக்காக் கேட்டது போதும்."

வெள்ளிக்கிழமை நான் டச்பாரில் பலகை சுமந்தேன். சும்மா பார்க்கப் போனவனைத் தச்சர் ஒருவர் ஏற இறங்கப் பார்த்து, "லண்டன்காரருக்குக் கை இரிக்குதானே?" என்று ஒரு முனையைப் பிடிக்கச் சொன்னார். தேக்கு, முதிரை, வேம்பு, கட்டிலாக வேண்டியது, கதவாக வேண்டியது, எல்லாம் வந்து இறங்கின. நீரோட்டம் பார்க்கிற மாதிரித் தரையில் குந்தி ஒரு கண்ணை மூடி மட்டம் பார்த்தார்கள். ஒரு மூலை ஆடியது. அதை அப்படியே விட்டுவிட்டார்கள். அது ஆட வேண்டிய மூலையாம். மாலையில் என் தோளைத் தூக்க முடியவில்லை. அறைக்கு வந்து டெஸ்மண்டுக்குத் தொலைபேசியில் எல்லாவற்றையும் சொன்னேன். ஐந்தாவது அடியை மட்டும் மறுபடி சொல்லச் சொன்னான். பிறகு, "அது எங்கள் வீட்டில் அப்பா தளபாடத்தை வெளியே தூக்கிப் போட்டதுபோலத்தான். ஆட்களுக்கு இடம் வேண்டும்" என்றான். நாலு பக்கத்தில் நான் எழுதாததை ஒரு வசனத்தில் சொல்லிவிட்டான் படுபாவி.

சனிக்கிழமை பின்னேரம் மூன்று மணிக்குத் தேவாலயத்திலிருந்து மாப்பிள்ளை, பெண் வந்தார்கள். கேக் வெட்டினார்கள். மஞ்சள் சோறும் கோழியும் வந்தன. இறைச்சி சாப்பிடாத மலர் அக்காவுக்குத் தனியாகப் பருப்பும் அப்பளமும் வைத்திருந்தார்கள். நான் முற்றத்தில் ஆட்களை எண்ணிக்கொண்டிருந்தேன். புவி அண்ணனும் அதைத்தான் செய்கிறார் என்று தெரிந்தது. டிறம்ஸுக்குப் பின்னால் உட்கார்ந்து வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார். நாலு மணிக்குத் திருகோணமலையிலிருந்து ஒரு பஸ் வந்து நின்றது. கரையோரப் பாதை திறந்த பிறகு அந்த உறவுக்காரர்கள் முதல் தடவையாக ஒரு கல்யாணத்துக்கு வருகிறார்களாம். இறங்கிக்கொண்டே இருந்தார்கள். கட்டிப்பிடித்து அழுதார்கள். ஒரு பருத்த மாது போர்த்துக்கேயத்தில் ஏதோ கத்தினார். என்ன என்று கேட்டேன். "சப்பாத்துக் கடிக்கிறது, ஆனாலும் கழற்றமாட்டேன் என்கிறா" என்றார் பக்கத்தில் நின்ற தச்சர்.

வின்சனின் இன்னொரு தங்கை மகள், ஆஸ்பத்திரியில் தாதியாக இருப்பவர், வயலினைத் தோளில் வைத்தார். எட்டுச் சோடி பலகையில் ஏறியது. நான் பலகையின் விளிம்பில் ஒரு காலை வைத்துக்கொண்டு நின்றேன்.

முதல் சுற்றில் புவி அண்ணன் ஆறு அடியையும் தானே அடித்தார். நான் ஐந்தாவதையே கவனித்தேன். பெடல் விழுந்தது. அதனோடு குதிகால்களும் விழுந்தன, ஆனால் டிறம்ஸ் சத்தம் அவற்றை மூடிவிட்டது. இரண்டாவது சுற்றும் அப்படியே. கடித்த சப்பாத்தோடு ஆடிய மாது அவர் பக்கம் திரும்பி ஏதோ சத்தம் போட்டார். இம்முறை தமிழில். "புவி, எங்கட அடிய எங்களுக்கு விடுடா!"

அவர் தலையைக் குனிந்துகொண்டார். கை மட்டும் ஓடியது. மலர் அக்கா என் பக்கத்தில் வந்து நின்றார். அவருடைய கையில் அப்பளம் அப்படியே இருந்தது.

மூன்றாவது சுற்று தொடங்கியது. புவி அண்ணன் யாரையும் பார்க்கவில்லை. வலது காலைப் பெடலிலிருந்து எடுத்தார். எடுத்து, முற்றத்து மணலில் வைத்தார்.

ஒன்று. இரண்டு. மூன்று. நான்கு.

பதினாறு குதிகால்கள் ஒன்றாக இறங்கின. பலகை துள்ளி என் உள்ளங்காலில் அடித்தது. அடுத்த சுழற்சியிலும் இறங்கின. அதற்கடுத்ததிலும் இறங்கின. புவி அண்ணனின் கால் மணலிலேயே இருந்தது.

"விட்டுட்டார் தம்பி" என்றார் மலர் அக்கா. "பாருங்க, விட்டுட்டார்."